வாசகர் கேள்வி – பதில்: மைசூரைப் பார்க்கப் போகிறவர்கள் தங்க ஒரு தீவு

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். தை மாதத்தில் உறைபனியால் பறிப்பு குறைந்திருக்கும் நாட்களில், எழுபதைக் கடந்த என் மாமனார், மாமியாரை மைசூருக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். அரண்மனையைப் பார்ப்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. ஆனால் நகரத்துச் சந்தடியில் தங்க இருவருக்கும் மனமில்லை. பக்கத்தில் வயலும் ஆறுமாக அமைதியான இடம் ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மைசூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சீரங்கப்பட்டணத்தில் தங்குங்கள். மேற்கே இரண்டாகப் பிரியும் காவிரி, கிழக்கே சங்கமத்தில் மறுபடியும் ஒன்றுகூடுவதற்குள் வளைத்துக்கொண்டு போகும் தீவு அது. நீளம் சுமார் 5 கிலோமீட்டர்தான். அகலம் அதிலும் குறைவு. மைசூர்ச் சுற்றுலாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வழியில் வண்டியை நிறுத்தி, கோயிலையும் கோட்டையையும் வேகவேகமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. சுற்றுலாப் பேருந்துகள் போய்விட்ட மாலையிலும், அவை வந்து சேராத காலையிலும்தான் அந்த ஊர் தன் இயல்பில் இருக்கும். ஆகவே பகலில் அரண்மனைக்குப் போய்வந்து, இரவில் தீவுக்குத் திரும்புவதே உங்களுக்கு ஏற்றது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், அரண்மனையின் மாலை விளக்கொளியையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

கோட்டையும் அரங்கநாதர் கோயிலும் தீவின் மேற்குப் பகுதியில் இருக்கின்றன. கிழக்கே கஞ்சாம் பக்கம் போகப் போக நெல் வயலும் கரும்பும் தென்னையும் தொடங்கிவிடும். அங்கே ஆற்றங்கரையில் உள்ள நிமிஷாம்பா கோயிலின் படித்துறையில், பெரியவர்கள் வேண்டிய மட்டும் அமர்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெள்ளிக்கிழமையிலும் அமாவாசையிலும் கூட்டம் சேரும் என்பதால் அந்நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அரங்கநாதர் கோயிலில் நண்பகலுக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொள்வது நல்லது. ஆற்றின் குறுக்கே 1804-இல், திவான் பூர்ணய்யாவின் காலத்தில் கட்டிய வெல்லெஸ்லி பாலத்தையும் பாருங்கள். வளைவுகளே இல்லாமல், வரிசை வரிசையாக நட்ட கற்றூண்களின் மேல் கற்பாளங்களைக் கிடத்தியிருக்கிறார்கள்.

வரலாற்றில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் தரியா தௌலத்தைத்தான் சொல்வேன். திப்பு சுல்தான் 1784-இல் தோட்டத்தின் நடுவே தேக்கு மரத்தால் கட்டிய கோடை மாளிகை இது. இதன் மேற்குப் புறச் சுவரை நிறைத்திருக்கும் ஓவியத்தில், நம் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் 1780-இல் நடந்த போர் தீட்டப்பட்டிருக்கிறது. ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கும்பினியின் படையை முறியடித்த போர் அது. நெருங்கி நின்று பார்த்தால், சதுரமாக அணிவகுத்த சிப்பாய்களுக்கு நடுவே பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கும் கும்பினிப் படைத்தலைவர் கர்னல் பெய்லியைக் கண்டுபிடிக்கலாம். பெரியவர்களுக்கு இதைக் காட்டாமல் வந்துவிடாதீர்கள். நீலகிரிக்காரர்களுக்கு இந்த ஊர் அன்னியமும் அல்ல. 1799 மே 4 அன்று திப்பு இங்கே போரில் மடிந்து கோட்டை விழுந்த பிறகுதான் நம் மலையும் கும்பினியின் கைக்குப் போயிற்று. அதற்கும் முன்னால் தம் மூதாதையர் மைசூர்ச் சீமையிலிருந்து மலையேறியவர்கள் என்பது படுகர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. படுக மொழி கன்னடத்துக்கு நெருக்கமானது என்பதால், உங்கள் மாமனாருக்கும் மாமியாருக்கும் அங்குள்ளவர்களிடம் பேசப் பெரிய சிரமம் இருக்காது.

மறுநாள் விடிந்ததும் அருகிலுள்ள ரங்கன்திட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணையால் உண்டான சிறு திட்டுகள் அவை. பறவையியலாளர் சாலிம் அலியின் பரிந்துரையை ஏற்று மைசூர் அரசு 1940-இல் அவற்றைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் அவை இடம்பெற்றன. வனத்துறையின் துடுப்புப் படகில் போகும்போது மஞ்சள் மூக்கு நாரைகளும் கரண்டிவாயன்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் போலத் தோன்றும். பாறைகளில் வெயில் காயும் முதலைகளும் அப்படியே இருப்பதால், படகிலிருந்து நீரில் கையை விட வேண்டாம்.

ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட்டை வழியாக மைசூர் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். மசினகுடி வழி குறைவுதான். ஆனால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதியவர்களை இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், திரும்பும் நாளில் மதிய உணவை முடித்த கையோடு கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: சீரங்கப்பட்டணத்து அரங்கநாதருக்கும் திருச்சி சீரங்கத்துக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உண்டு. காவிரித் தீவுகளில் பள்ளிகொண்ட மூன்று அரங்கர்களில், சீரங்கப்பட்டணத்தில் இருப்பவர் ஆதிரங்கர், சிவசமுத்திரத்தில் இருப்பவர் மத்தியரங்கர், நம் சீரங்கத்துப் பெருமாள் அந்தியரங்கர். மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கமும் பக்தர்களிடம் இருக்கிறது. ஆயினும் அந்த ஓட்டம், ஓய்வுக்காகப் போகிறவர்களுக்கு உரியதன்று.

கேள்வி: பிள்ளைகளுடன் ஆடி மாதத்தில் அங்கே போகலாமா? சங்கமத்தில் பரிசல் ஏற வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள்.
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: மார்கழி, தை, மாசி வரை காத்திருங்கள் என்பதே என் பதில். குடகில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது கிருஷ்ணராஜ சாகர் அணை 124.80 அடி என்ற முழு மட்டத்தை நெருங்கும். உபரிநீரைத் திறந்துவிட்டால் அது முதலில் வந்து சேருவது இந்தத் தீவுக்குத்தான். அப்போது ரங்கன்திட்டில் படகுகளை நிறுத்திவிடுவார்கள்; படித்துறைகளிலும் இறங்க விடமாட்டார்கள். ஆடியில்தான் போக முடியும் என்றால், செய்தியில் வரும் அணை நீர்மட்டத்தையும் திறந்துவிடும் நீரின் அளவையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கோட்டை, தரியா தௌலத், கோயில் ஆகியவற்றை மட்டும் பார்த்தாலும் ஒரு பகல் நிறைந்துவிடும். பரிசலைப் பொறுத்தவரை, எந்தப் பருவமானாலும் உயிர்காப்பு அங்கி தராத பரிசலில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.