எண்ணெய் ஷேல்தான் என் வேலை என்கிறான் பையன்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதம் பார்த்தேன். உயர்நிலை 4 படிக்கும் மகன் பள்ளியில் எண்ணெய் ஷேல் என்ற கல்லைப் பற்றி ஒரு செயல்திட்டம் செய்தான். இப்போது 'இதுதான் என் வேலை' என்கிறான். ஜூரோங் தீவில் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவோ, 'எண்ணெயே தீரப்போகுது, இவன் அதுக்குள்ள போறானே' என்கிறார். நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் அந்தக் கல்லைப் பற்றிப் பேசிவிடுவோம். பெயரில்தான் எண்ணெய் இருக்கிறது. உள்ளே இருப்பது கெரோஜன் என்ற கரிமப் பொருள். எண்ணெயாக மாறத் தேவையான சூடு நிலத்தடியில் கிடைக்காமல் பாதியில் நின்றுபோனது. மீதி வேலையை நாம் செய்ய வேண்டும்: கல்லைத் தோண்டி, உடைத்து, காற்றுப் படாமல் ஏறக்குறைய 500 டிகிரிக்குச் சூடாக்கினால் எண்ணெய் ஆவியாக வரும். அந்தச் சூட்டுக்கே ஏராளமான எரிபொருள் வேண்டும். எண்ணெய் எடுத்தபின் சக்கைக் கல் மலையாகக் குவியும். செய்திகளில் வரும் அமெரிக்க 'ஷேல் எண்ணெய்' பெரும்பாலும் வேறு: அது பாறைக்குள் ஏற்கெனவே திரவமாக அடைபட்டிருக்கும் எண்ணெய். மகன் எதைச் சொல்கிறான் என்று இன்று இரவு சாப்பிடும்போது கேளுங்கள்.

அப்பாவின் பயத்தில் பாதி சரி. பல கோடி ஆண்டுகளில் உருவான பொருள், எடுத்தால் திரும்ப வராது. ஆனால் கல் தீர்ந்துபோய் யாரும் வேலை இழக்கவில்லை. அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் லட்சக்கணக்கான கோடி பீப்பாய்க்கான கல் அப்படியே கிடக்கிறது. அங்கே 1982 மே 2ஆம் தேதி எக்ஸான் எண்ணெய் நிறுவனம் தன் கொலராடோ திட்டத்தை மூடியபோது 2,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை போனது. காரணம் விலை, எண்ணெய் விலை இறங்கியதும் கணக்கு உதைத்தது. இந்தக் கல்லை எரித்தே பல பத்தாண்டுகள் மின்சாரம் எடுத்த எஸ்டோனியாவும் 2035க்குள் அதை நிறுத்தப் போவதாகச் சொல்லியிருக்கிறது. அங்கே காரணம், எரிக்கும்போது வெளியேறும் கரிமம்.

நம் சிங்கப்பூரிலும் அதே கணக்குதான். ஆலைகள் வெளியேற்றும் கரிமத்துக்கான வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45. அதனால் ஒரே கல்லை நம்பிப் படிக்க வேண்டாம், வேதிப் பொறியியல் படிக்கட்டும் என்பேன். சூடாக்குவது, பிரிப்பது, வெளியேறும் வாயுவைப் பிடிப்பது, இதெல்லாம் எண்ணெய்ச் சுத்திகரிப்பிலும் மருந்து ஆலையிலும் கழிவுநீரைச் சுத்தமாக்கும் நியூவாட்டரிலும் வேண்டிய திறன். துவாஸில் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை, பொரித்து முடித்த சமையல் எண்ணெயிலிருந்துகூட விமான எரிபொருள் செய்கிறது. (வாழைக்காய் பஜ்ஜி சுட்ட எண்ணெயை நாம்தான் சிங்க்கில் ஊற்றிவிடுகிறோம்!)

கையால் செய்து பார்க்கப் பிடிக்கும் பையன் என்றால் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம் நல்லது. அங்கிருந்து பல்கலைக்கழகம் போகலாம். இல்லை, கல் எப்படி உருவானது என்பதுதான் அவனுக்குத் தூக்கம் கெடுக்கிறது என்றால் தொடக்கக்கல்லூரி முடித்து நன்யாங்கில் புவி அறிவியல். அப்புறம், நல்ல வேலைக்கு வெளிநாடு போகத் தயாராக இருக்க வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடுங்கள். எந்த வழியானாலும் கணிதத்தையும் வேதியியலையும் விடக்கூடாது.

ஜனவரியில் கல்லூரிகளின் பொது வரவேற்பு நாளுக்கு அப்பாவே கூட்டிப்போகட்டும். ஆலையில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். போகும் வழியில் எம்ஆர்டியில் அதைப் பேசிக்கொண்டே போகலாம்.