கையெழுத்தான தொகை வருமானம் ஆகாது: ஓர் இளம் நடிகரின் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 27. தமிழ்ப் படங்களில் நடிக்கிறேன். மூன்று படங்கள் வெளிவந்து, மூன்றாவது நன்றாக ஓடியது. அதன்பிறகு 45 லட்சத்துக்கு ஒன்று, 60 லட்சத்துக்கு ஒன்று என இரண்டு படங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆக, இந்த வருட வருமானம் 1.05 கோடி. போன வருடம் மொத்தமே 15 லட்சம்தான். இதுவரை 35 லட்சம் வந்திருக்கிறது. டிடிஎஸ் (சம்பளம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி), மேனேஜர் கமிஷன் போக, பழைய சேமிப்பும் சேர்த்து வங்கியில் 28 லட்சம் இருக்கிறது. வாடகை, கார் இஎம்ஐ, ஜிம், உடைகள், ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது எல்லாமாக மாதம் 1.3 லட்சம் செலவாகிறது. அடுத்த தை மாதம் கல்யாணம். என் பக்கச் செலவு 6 லட்சம் ஆகும். பெண் வங்கியில் வேலை பார்க்கிறார். சினிமாக்காரன் என்று அவர் வீட்டில் தயங்குகிறார்கள். சாலிகிராமத்தில் 1.1 கோடிக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறேன். 25 லட்சம் முன்பணம் கட்டி வாங்கிவிட்டால் அவர்களுக்கு நம்பிக்கை வரும். இன்னொரு பக்கம், நண்பர் ஒருவர் தன் படத்தில் கூட்டுத் தயாரிப்பாளராகச் சேரச் சொல்கிறார். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஒரு லட்சம் எஸ்ஐபி போடவும் ஆசை. எதை முதலில் செய்ய?

பதில்: முதலில் அந்த 1.05 கோடியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அது நீங்கள் கையெழுத்துப் போட்ட தொகை. கைக்கு வந்தது 35 லட்சம். மீதி 70 லட்சம் ஷெட்யூலுக்கு ஷெட்யூல் பிரிந்து வரும். கடைசித் தவணை டப்பிங் சமயத்தில் வரும். நடுவில் ஃபைனான்ஸ் நின்று படம் தள்ளிப்போனால் அந்தப் பணமும் தள்ளிப்போகும். சில சமயம் வராமலே போகும். உங்கள் துறையில் இது அபூர்வம் இல்லை என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். எனவே வராத பணத்தை நம்பி 20 வருடக் கடனில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில்.

கையில் இருக்கும் 28 லட்சமும் முழுக்க உங்களுடையது இல்லை. கடிதத்தில் ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. சேவைத் தொழில் செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நடிகரின் சம்பளத்துக்கு வரி 18 சதவீதம். அட்வான்ஸாக வாங்கிய பணத்துக்கும் இது உண்டு. போன வருடம் 15 லட்சம் என்பதால் பிரச்சினை இல்லை. இந்த வருடம் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

இப்போது ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'ஜிஎஸ்டி தனி' என்று இருந்தால் தயாரிப்பாளர் 18 சதவீதத்தை மேலே சேர்த்துக் கொடுப்பார். அதில் அவருக்கும் பெரும்பாலும் நஷ்டம் இல்லை, தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்வார். 'எல்லா வரியும் உட்பட' என்று இருந்தாலோ, எதுவுமே எழுதாமல் விட்டிருந்தாலோ வரி உங்கள் பையிலிருந்து போகும். 20 லட்சத்துக்கு மேல் வந்த 15 லட்சத்தில் சுமார் 2.3 லட்சம், இனி வரவேண்டிய 70 லட்சத்தில் சுமார் 10.7 லட்சம். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டதற்கு 13 லட்சம்! தயாரிப்பாளரிடம் பேசி ஒரு துணை ஒப்பந்தம் போட முடியுமா என்று பாருங்கள். படப்பிடிப்பு பாதியில் இருக்கும்போது பேசுவது எளிது, முடிந்தபிறகு கஷ்டம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் உண்டு என்பதால் ஆடிட்டரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வருமான வரி. சினிமா நடிகர்கள் உத்தேச வருமானத் திட்டத்தில் வரலாம். ஆடிட்டர்கள் இதை 44ஏடிஏ என்பார்கள். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அல்லது ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாமல் மொத்தம் 75 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். அதைத் தாண்டினால் முழுக் கணக்கு எழுதித் தணிக்கையும் செய்ய வேண்டும். உங்கள் விஷயத்தில் இந்த எல்லை பெரிய வித்தியாசம் செய்யும். மார்ச் 31-க்குள் மொத்தம் 70 லட்சம் வந்தால், 2025-26-க்கான புதிய வரி முறைக் கணக்குப்படி வரி சுமார் 6.5 லட்சம், பிடித்த டிடிஎஸ் 7 லட்சமே அதற்குப் போதும். 1.05 கோடியும் ஒரே நிதியாண்டில் வந்து, தொழில் செலவு கால்பங்கு என்று வைத்துக்கொண்டால் வரி சுமார் 22 லட்சம். டிடிஎஸ் 10.5 லட்சம்தான் போயிருக்கும். மீதியை நீங்கள் கட்ட வேண்டும், அதுவும் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று 15-ஆம் தேதிகளில் முன்கூட்டியே. ஒரு வருடம் கோடியும் அடுத்த வருடம் பூஜ்யமும் வந்தால் இரண்டையும் சராசரி பார்த்து வரி போடும் சலுகை நடிகருக்குக் கிடையாது. எனவே தவணைகள் எந்த மாதம் வருகின்றன என்பதை மேனேஜர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. நீங்களும் தெரிந்து வைத்திருங்கள்.

ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன். படம் ஓடினால் தயாரிப்பாளர் கார், பைக், சங்கிலி என்று கொடுப்பது நம் ஊர் வழக்கம். அது வரிச் சட்டத்தில் தொழில் வருமானம். 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் டிடிஎஸ்ஸும் உண்டு. உங்கள் கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்பு வேறு. அதற்கு வரி இல்லை.

சரி, 28 லட்சத்துக்கு வருவோம். ஜிஎஸ்டிக்கு 2.3, கல்யாணத்துக்கு 6 எடுத்தால் நிற்பது 19.7 லட்சம். மாதம் 1.3 லட்சம் வீதம் இது 15 மாதம் தாங்கும். அடுத்த படம் உடனே அமையாவிட்டால் உங்களிடம் இருப்பது இந்த 15 மாதம்தான். இந்த நிலையில் 25 லட்சத்தை முன்பணமாகக் கட்ட வழியே இல்லை. மீதி 85 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 74,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பத்திரப்பதிவு தனி. சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் பொதுவாக மூன்று வருட வரிக் கணக்கைக் கேட்கும். உங்கள் போன வருடக் கணக்கில் இருப்பது 15 லட்சம். கடன் கிடைத்தாலும் அது உங்கள் தொழிலைக் கெடுக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். மாதம் 74,000 கட்டவேண்டிய நடிகரால் பிடிக்காத கதைக்கு 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. உங்கள் வயதில் அந்த 'வேண்டாம்' என்ற சொல்தான் அடுத்த பத்து வருடச் சம்பளத்தை முடிவு செய்கிறது. இரண்டு வருடச் செலவுப் பணத்தைத் தனியாகச் சேர்த்து, மூன்று வருட வரிக் கணக்கும் கையில் வந்தபிறகு வீடு பாருங்கள்.

நண்பரின் படம். இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: எந்தக் காகிதத்திலும் தயாரிப்பாளராகக் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்தால், 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தின் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு பங்குதாரரும் பொறுப்பு. நண்பரால் கட்ட முடியாவிட்டால் ஃபைனான்சியர் தேடி வருவது, சம்பளம் வரும் உங்களிடம். நிறுவனத்தைத் தனியார் லிமிடெட்டாக மாற்றினாலும் நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தொகை எழுதாத காசோலைகளில் கையெழுத்துக் கேட்பார்கள். அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு மடங்கு வரை அபராதம். நடிகை சாவித்திரி 1971-ல் சொந்தமாகத் தயாரித்து இயக்கிய படத்தில் எவ்வளவு இழந்தார் என்பதைச் சினிமாவில் எல்லோரும் அறிவார்கள். அவருக்கு இருந்த புகழும் அனுபவமும்கூட உதவவில்லை. நண்பரின் கதை உங்களுக்கு உண்மையாகவே பிடித்திருந்தால் வேறு வழி இருக்கிறது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, மீதிக்கு லாபத்தில் இத்தனை சதவீதம் என்று நடிகராக ஒப்பந்தம் போடுங்கள். படம் ஓடாவிட்டால் நீங்கள் இழப்பது சம்பளத்தின் ஒரு பகுதி மட்டும். நட்பும் மிஞ்சும்.

எஸ்ஐபி ஆசை நல்லது, ஆனால் மாதாமாதம் ஒரே தொகை என்பது மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். உங்களுக்கு நான் சொல்வது வேறு. சம்பளம் எல்லாம் ஒரு நடப்புக் கணக்கில் மட்டும் வரட்டும். ஒவ்வொரு தவணை வந்ததும் ஜிஎஸ்டியையும் வருமான வரிக்கான பங்கையும் அன்றைக்கே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதம் முதல் தேதி 1.1 லட்சத்தை மட்டும் உங்களுக்குச் சம்பளமாக எடுங்கள், இப்போதைய 1.3-இல் 20,000 குறைக்க முடியும் என்று நம்புகிறேன், உடைச் செலவில் கை வைத்தாலே போதும். மிச்சம், வேண்டும்போது உடனே எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலோ வைப்பு நிதியிலோ சேரட்டும். அது ஏறக்குறைய இரண்டு வருடச் செலவான 26 லட்சத்தைத் தொட்டபிறகு, அதற்குமேல் வரும் ஒவ்வொரு தவணையிலும் பாதியை, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். பணம் வராத மாதத்தில் எதுவும் போட வேண்டாம்.

அப்பா அம்மாவுக்கு மாதம் அனுப்புவதற்குப் பின்னாளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அப்பாவுக்கு 60 வயது ஆகியிருந்தால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரில் 30 லட்சம் வரை போடலாம். 2025-ல் வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். மகன் தந்தைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை, அதில் வரும் வட்டியும் அவருடைய வருமானமாகவே கணக்காகும். மனைவிக்குக் கொடுத்துப் போட்டால் அப்படி இல்லை, வட்டி உங்கள் வருமானத்தில்தான் சேரும்.

கல்யாணம் ஆனதும் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுங்கள். எடுக்கும்போதே 1874-ஆம் வருடத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் என்று படிவத்தில் குறிப்பிடுங்கள். அந்தத் தொகை மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் போகும். உங்கள் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. சண்டைக் காட்சிகள் செய்பவர் என்பதை மறைக்காமல் விபத்துக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் வாரங்களுக்குப் பணம் தரும் வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகப் பெண் வீட்டாரின் தயக்கம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நிலையான வருமானம் இல்லை என்பது உண்மை. அந்த உண்மையை ஃபிளாட்டால் மூடினால், தவணை கட்ட முடியாத முதல் மாதத்தில் அது வெளியே வரும், அப்போது அந்தச் சுமை அவர்கள் மகள் தலையிலும் இருக்கும். உங்களுக்கு வரப்போகிறவர் வங்கியில் வேலை பார்ப்பவர்; மேலே எழுதிய கணக்கு அவருக்கு ஒரே பார்வையில் புரியும். ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்கு விவரம், போன வருட வரிக் கணக்கு மூன்றையும் முதலில் அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். அவர் வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.