மிச்சத்தை யார் தின்றது?

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் வளர்ந்தவன், இப்போது மிச்சிகனில் இருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் சோக்கோஸ் வாங்குவார்கள், பாலில் போட்டுத் தின்னும் கெல்லாக்ஸின் சாக்லேட் காலை உணவு. பெட்டி வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, உள்ளே இருக்கும் பொம்மையை எடுத்துவிடுவேன். (சோக்கோஸ் எனக்குப் பிடிக்காது. மிச்சத்தை அம்மா எப்படியோ தின்று தீர்ப்பாள்.) அந்தப் பரவசம் என் மகனுக்குக் கிடைக்கவில்லை. நான் இங்கே வாங்கும் பெட்டிகளில் பொம்மையே வருவதில்லை. கம்பெனிகள் குழந்தைகளின் வியப்பைத் திருடிவிட்டன என்று நினைக்கிறேன். பெட்டியில் வந்த ஒரு விசிலை வைத்துத் தொலைபேசி நிறுவனத்தையே ஏய்த்த காலம் ஒன்று இருந்ததாம்! பழைய பொம்மைகளை இணையத்தில் ஐம்பது டாலருக்கு விற்கிறார்கள். மகனுக்காக வாங்கலாமா? இதெல்லாம் வெறும் பழைய நினைவின் மயக்கமா, இல்லை உண்மையிலேயே எதையோ இழந்துவிட்டோமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட இரண்டு வரிகளுக்காகத்தான் இந்தப் பதில். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து அதேதான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் விசிலை விட்டுவிடுவோம். கேப்டன் கிரஞ்ச் என்ற அமெரிக்கக் காலை உணவுப் பெட்டியில் வந்த விசில் 2600 ஹெர்ட்ஸில் ஒலித்தது. ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் தொலைதூர இணைப்புகள் அதே ஒலிக்குக் கட்டுப்பட்டன. அதை வைத்துக் காசு கொடுக்காமல் தொலைதூர அழைப்புகள் போட்டு ஜான் டிரேப்பர் என்பவர் பெயர் வாங்கினார். எல்லாம் உண்மை, ஏற்கெனவே பலர் எழுதியாயிற்று. எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பொம்மை ஏன் நின்றது என்பதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று, பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்கிறார்கள் என்பது. 1988இல் கெல்லாக்ஸ் நிறுவனமே தன் பெட்டிகளில் போட்ட புல்லாங்குழல் பொம்மைகளை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. இதையும் சேர்த்துத்தான் நீங்கள் திருட்டு என்கிறீர்கள். பிளாஸ்டிக் துண்டு தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை மூச்சுத் திணறுவதை மனதில் நினைத்துப் பார்த்த எந்தத் தகப்பனும் இப்படி எழுதமாட்டான். உங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். யோசித்து எழுதுங்கள்.

இனி அக்கா விஷயம். எங்கள் தலைமுறைக்கு சோக்கோஸ் கிடையாது, பினாகா பற்பசைதான். ரேடியோ சிலோனில் 1952இல் தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி வழியாக அந்தப் பெயர் நாடெங்கும் பரவியிருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தியும் தெரியாது, அதை நடத்திய அமீன் சயானியும் தெரியாது. பினாகா என்றால் அட்டைப்பெட்டிக்குள் டியூபோடு படுத்திருக்கும் குட்டிப் பிளாஸ்டிக் மிருகம், அவ்வளவுதான். அக்கா அவற்றை இத்தனை காலமும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். அவளுடைய பேத்தி தரையில் கொட்டினாள். ஒரு யானை, வயிற்றின் குறுக்கே அச்சின் கோடு அப்படியே ஓடுகிறது. காது உடைந்த முயல் ஒன்று. அதன் காதை உடைத்தது யார் என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. நான் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்:

“இதெல்லாம் வந்துச்சே, அந்தப் பேஸ்ட்ல அம்மா ஒரு நாளாவது பல்லு தேய்ச்சிருக்குமாடா?”

தேய்த்ததில்லை. அப்பாவுக்கு வேப்பங்குச்சி. அம்மாவுக்கு உமிக்கரி. பேஸ்ட் பிள்ளைகளுக்கு மட்டும். அதுவும், பொம்மை வேண்டும் என்று நாங்கள் அழுததால் வந்தது. டியூபைக் கடைசி வரை சுருட்டிச் சுருட்டி, இனி வராது என்றானதும் கத்தரியால் இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, அக்காவின் வெள்ளிக் கொலுசைத் தேய்ப்பாள் அம்மா. பளபளவென்று ஆகிவிடும். அவள் அதைத் தன் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. வாசனை பிடிக்கவில்லை என்பாள்.

உங்கள் அம்மாவும் சோக்கோஸ் பிடித்துத்தான் தின்றாள் என்று நினைக்கிறீர்களா?

பெட்டிக்குள் பொம்மை வைக்கிற வித்தையே இதை நம்பி நடந்ததுதான். பிள்ளை பொம்மைக்கு அழும், பெற்றவர்கள் பெட்டியை வாங்குவார்கள், வாங்கியதை யாராவது தீர்த்தாக வேண்டும். 1909இல் கெல்லாக்ஸ் விலங்குப் படங்கள் கொண்ட ஒரு சிறு புத்தகம் கொடுத்தது. அது கைக்கு வரக் கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு பெட்டி போதாது, இரண்டு பெட்டி வாங்க வேண்டும். ஐம்பதுகளில், உள்ளே பேக்கிங் பவுடர் போட்டால் தண்ணீரில் மூழ்கி எழும் குட்டி நீர்மூழ்கிக் கப்பல் வந்தது. அதற்குப் பெட்டியின் மேல்மூடியைக் கிழித்துச் சில்லறையோடு தபாலில் அனுப்ப வேண்டும்.

1955இல் குவேக்கர் என்ற இன்னொரு அமெரிக்க உணவுக் கம்பெனி செய்தது இன்னும் பெரிய வேலை. கோதுமைப் பொரி, அரிசிப் பொரிப் பெட்டிகளில் கனடாவின் யூக்கான் பகுதியில் ஒரு சதுர அங்குல நிலத்துக்கான பத்திரம் வைத்துக் கொடுத்தார்கள். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பத்திரங்கள். பின்னால் வரி கட்டாததால், 1965இல், 37 டாலர் 20 சென்ட் பாக்கிக்காக அந்த நிலம் முழுவதும் கனடா அரசின் கைக்குத் திரும்பிப் போய்விட்டது. இந்தக் கதையைச் சொல்லாத அமெரிக்கப் பெரியவர் இல்லை. பத்திரத்தை எந்த அலமாரியில் வைத்தோம், நிலத்தைப் போய்ப் பார்க்க எப்படி ஆசைப்பட்டோம் என்று கண்கலங்கச் சொல்வார்கள். அத்தனை கோதுமைப் பொரியும் எங்கே போனது என்று நான் கேட்கிறேன். 2 கோடிப் பெட்டிகள்! பத்திரத்தை எடுத்துக்கொண்டு பிள்ளை ஓடிய பிறகு, அந்தப் பெட்டியோடு சமையலறையில் நின்றது யார்? கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கிக் கோழித்துண்டுகள்மேல் அப்பிச் சுடும் பழக்கம் அந்த நாட்டுச் சமையலறைகளில் உண்டு. அது மிச்சத்தைத் தீர்க்க ஒருத்தி கண்டுபிடித்த வழியாகத்தான் எனக்குப் படுகிறது.

பொம்மை நினைவுகளை எழுதுகிறவர்கள் எல்லோர் மேலும் எனக்கு இந்த வருத்தம் உண்டு. கையை விட்டது எழுதுவார்கள், துழாவியது எழுதுவார்கள், கூடப்பிறந்தவனோடு போட்ட சண்டையை எழுதுவார்கள். விலை கொடுத்தவரும் மிச்சத்தைத் தின்றவரும் அடைப்புக்குறிக்குள் போய்விடுவார்கள். நீங்களாவது அங்கே ஒரு இடம் கொடுத்தீர்கள், அதற்காக உங்கள்மேல் எனக்கு அன்புதான். ஆனால் உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான், எஸ். அதை வெளியே எடுத்து முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

1994இல் கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது நம் வீடுகளில் சூடான பாலைத்தான் ஊற்றினார்கள். காலையில் ஆறின பாலைக் குடிக்கிற வழக்கம் நமக்கு ஏது? சூடு பட்டதும் மொறுமொறுப்பெல்லாம் போய்க் கூழாகிவிடும். அந்தக் கூழை அடுப்படியில் நின்றுகொண்டு, நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, வீணாகக் கூடாதே என்று ஒருத்தி தின்றிருக்கிறாள். அன்று அவளுக்கு இட்லி இருந்திருக்காது. பெட்டி தீராமல் அடுத்த பெட்டி வாங்க முடியாது, அடுத்த பெட்டி வராமல் உங்களுக்கு அடுத்த பொம்மை இல்லை. இந்தக் கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஐம்பது டாலர் பொம்மை பற்றிக் கேட்டீர்கள். அது உங்கள் பணம், உங்களுக்கு ஆசையாக இருந்தால் வாங்குங்கள். மகனுக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் கேட்கவில்லை.

உங்கள் அம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. சென்னையிலேயே இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போடுங்கள். அந்தச் சோக்கோஸுக்குச் சூடான பால் ஊற்றினாளா, மோர் ஊற்றினாளா, சர்க்கரை போட்டாளா, இல்லை மாலையில் காராபூந்தியோடு கலந்து வேலைக்காரம்மாவுக்கும் கொடுத்துத் தானும் கொறித்தாளா என்று கேளுங்கள். பிடித்திருந்ததா என்றும் கேளுங்கள். பிடித்தது என்றுதான் முதலில் சொல்வாள், அதை நம்பி விட்டுவிடாமல் இன்னொரு முறை கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.