டியூப்லைட் அடியில் உதிர்ந்த இறக்கைகள்: எறும்பா, கரையானா?

டியூப்லைட் அடியிலும் பாத்ரூம் பக்கமும் இறக்கைகள் உதிர்ந்து கிடக்கின்றன, எறும்பா கரையானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு இறக்கையும் ஒரே நீளம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதும். அது எறும்பு இல்லை. ஈசல், அதாவது இறக்கை முளைத்த கரையான். பறக்கும் எறும்புக்கு முன் இறக்கை பெரிசு, பின் இறக்கை சிறிசு.

இன்னும் சந்தேகமென்றால் செத்த பூச்சி ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து மொபைலில் ஜூம் செய்யுங்கள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும். கரையானுக்கு இடுப்பே தெரியாது. உணர்கொம்பு மணி கோத்த மாதிரி நேராக நீளும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஈசலும் கருப்பாகத் தெரியும்.

சென்னையில் உங்கள் வேளச்சேரிப் பக்கம் மழை விட்ட மாலையில், பக்கத்துக் காலி மனையிலிருந்து ஈசல் வெளிச்சத்தைத் தேடி வருவது சகஜம். இறக்கைகள் ஜன்னலோரம், விளக்கடியில் மட்டும் கிடந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் பாத்ரூம் நிலைக்கால் ஓரத்திலும் குவிந்திருந்தது என்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ஈரம் ஊறிய அந்த நிலைக்காலிலிருந்தே ஈசல் கிளம்பியிருக்கலாம்.

1. நிலைக்காலை ஸ்க்ரூடிரைவர் பிடியால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். எங்காவது உள்ளே காலி என்பது போலச் சத்தம் வருகிறதா? வந்தால் உள்ளே கரையான் அரித்திருக்கலாம்.

2. சுவரில் பென்சில் தடிமனுக்கு மண்கோடு (கரையான் உள்ளே போய்வரக் கட்டும் மண்குழாய்) ஏறியிருந்தால் நடுவில் ஒரு விரலளவு உடைத்துவிடுங்கள். சில நாளில் ஈரமண் வைத்து அடைத்திருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது.

அடைக்கவில்லை என்றாலும் ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். வேறு வழி பிடித்திருக்கலாம். ஸ்ப்ரே இப்போது வேண்டாம். கண்ணில் படுவது மட்டும்தான் சாகும், கூட்டம் மண்ணுக்கடியில்.

வாடகை வீடென்றால் உடைப்பதற்கு முன் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.