உணவகத்தின் முகவரியைச் செயலி தர மறுத்தால்

உணவு டெலிவரி செயலியில் ஆர்டர் செய்த உணவகத்தின் முகவரியைக் கேட்டபோது, "உணவக விவரம் ரகசியம்" என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முகவரியைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. உங்களுக்கு வந்த அந்தப் பதில் செல்லாது. பொருளோ சேவையோ வாங்கிய நுகர்வோர் எழுத்து மூலம் கேட்டால், விற்பனையாளரின் தலைமையக, கிளை முகவரிகளையும் மின்னஞ்சலையும் தளம் (இங்கே, அந்தச் செயலி நிறுவனம்) தந்தாக வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில் 5ஆவது விதி கூறுகிறது.

செயலியில் ஒரு பெயரும் பில்லில் வேறொரு பெயரும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது கிளவுட் கிச்சனாக, அதாவது உட்கார்ந்து சாப்பிட இடமில்லாமல் டெலிவரிக்கு மட்டும் சமைக்கும் சமையலறையாக இருக்கும். ஒரே சமையலறை நான்கைந்து பெயர்களில் விற்பது இத்தொழிலில் சாதாரணம்.

முதலில் பில்லிலோ, செயலியில் அந்த உணவகப் பக்கத்தின் அடியிலோ உள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிம எண்ணை எடுத்து, அவ்வாணையத்தின் உரிமங்களுக்கான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் யார் பெயரில் உள்ளது என்பது தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: வாடிக்கையாளர் சேவை அரட்டையில் கேட்டதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் (அங்கே பாதி நேரம் பதில் சொல்வது இயந்திரம்தான்). தளத்தின் குறைதீர் அலுவலருக்கு ஆர்டர் எண்ணுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.