விசேஷத்துக்கு மட்டும் போட்டால் காது மெஷின் பழகாது

கேள்வி: என் மாமனாருக்கு வயது 72. இரண்டு காதும் மந்தம். ஆடியோகிராமில் (கேட்கும் திறன் பரிசோதனை அறிக்கை) இரு பக்கமும் 55 டெசிபல் என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு, காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இரண்டு வாங்கினோம். கல்யாணம், கோயில் என்று கிளம்பும்போது மட்டும் போட்டுக்கொள்கிறார். அங்கேயும் பத்து நிமிடத்தில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுகிறார். ‘ஒரே இரைச்சல். வீட்டில் எனக்குக் கேட்கத்தானே செய்கிறது?’ என்கிறார். விசில் சத்தமும் வருகிறது. தினமும் போட்டால் இருக்கிற காதும் போய்விடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதில் பயந்தும் போயிருக்கிறார். தினமும் போடத்தான் வேண்டுமா? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: தினமும் போடத்தான் வேண்டும். காலையில் குளித்துக் காதைத் துவட்டியதும் மாட்டி, இரவு படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும். கல்யாண மண்டபம் கடைசியில் போக வேண்டிய இடம். மேளம், நாகஸ்வரம், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி, ஒரே நேரத்தில் நூறு பேர் பேச்சு என்று இருக்கும் அங்கே, நல்ல காது உள்ளவர்களே ‘என்ன சொன்னீங்க?’ என்று குனிந்து கேட்கிறார்கள். பழகாத மெஷினோடு நேராக அங்கே போனால் யாராக இருந்தாலும் கழற்றத்தான் செய்வார்கள்.

வயதால் வரும் மந்தத்தில் உள்காதின் மயிரணுக்கள் தேய்கின்றன. கீச்சென்ற உயர் சுருதி ஓசைகள்தான் முதலில் போகும். அ, ஆ, ஓ எல்லாம் காதில் விழும். ச, த, ட, ப போன்ற வல்லின ஓசைகள் நழுவிவிடும். அதனால் ‘தட்டு’ என்றீர்களா, ‘தப்பு’ என்றீர்களா என்று தெரியாது. சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை என்பதுதான் இந்த நிலை. பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் குறைந்ததால், எதெல்லாம் கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியாது. ‘எனக்குக் கேட்கிறது’ என்று அவர் சொல்வது வீம்பல்ல.

இத்தனை நாள் வராத ஓசைகள் மெஷின் போட்டதும் ஒரே நேரத்தில் வந்து கொட்டும். மின்விசிறி, குழாய்த் தண்ணீர், பேப்பர் புரட்டுவது, செருப்புச் சத்தம் என்று எல்லாமே இரைச்சலாகத் தெரியும். எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று பிரிப்பது மூளையின் வேலை. அந்தப் பிரிப்பு திரும்பிவரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும், அதுவும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும். மாதம் இரண்டு தடவை போட்டால் ஒவ்வொரு தடவையும் முதல் நாள்தான்.

உறவினர் சொன்னது தவறு. ஆடியோகிராமைப் பார்த்துச் சரியாக ப்ரோக்ராம் செய்த மெஷினில், சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் வரம்பு வைத்திருப்பார்கள். அது காதைக் கெடுக்காது. பழகியவர் கழற்றும்போது முன்னைவிட மந்தமாகத் தோன்றும். தெளிவாகக் கேட்டுப் பழகியதால் தெரியும் வித்தியாசம்தான் அது. பரிசோதனை இல்லாமல் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும், எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும் கருவிகளுக்கு இந்த உறுதியைத் தர மாட்டேன்.

இப்படிப் பழக்குங்கள். முதல் வாரம் வீட்டில், டிவியை அணைத்துவிட்டு, காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். மூன்று, நான்கு அடி தூரத்தில் எதிரே உட்கார்ந்து ஒருவர் மட்டும் பேசுங்கள். அவரும் செய்தித்தாளைப் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்கட்டும். சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் இருக்கிறது என்பார். சில நாளில் குறையும். குறையாவிட்டால் மோல்டில், அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சில், உள்ள காற்றுத் துளையைப் பெரிதாக்கலாம். இரண்டாம் வாரம் ஐந்தாறு மணி நேரம். டிவியின் சத்தத்தை மற்றவர்களுக்குச் சரியாக இருக்கும் அளவில் வையுங்கள். மூன்றாம் வாரம் டீக்கடை, நடைப்பயிற்சி. அதற்குப் பிறகு விழித்திருக்கும் நேரம் முழுவதும். இரண்டு காதிலும் போடட்டும். ஒன்றை மட்டும் போட்டால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. போடாத காது பேச்சைப் பிரித்தறியும் திறனையும் இழந்துகொண்டே போகலாம்.

நீங்கள் எல்லோரும் செய்ய வேண்டியது, முதலில் ‘மாமா’ என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு பேசுவது. கத்தாதீர்கள். கத்தும்போது வார்த்தையின் உருவம் கெடுகிறது, மெஷினோடு சேர்ந்தால் வலிக்கவும் செய்யும். அடுக்களையிலிருந்தபடியே குரல் கொடுத்துவிட்டு, ‘மெஷின் போட்டும் கேட்கலையா?’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் மெஷின் மறுபடி டப்பாவுக்குள் போய்விடும்.

எவர்சில்வர் தட்டு விழுந்தால் காதில் குத்துகிறது என்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வரம்பைக் குறைத்து வைக்க வேண்டும். எந்த இடம், எந்தச் சத்தம், எந்தக் காது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மெஷினைப் பொருத்தித் தரும் கேட்பியல் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் போங்கள். ‘சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் திருத்த முடியாது. பெரும்பாலான டிஜிட்டல் மெஷின்கள் ஒரு நாளில் சராசரியாக எத்தனை மணி நேரம் போட்டார் என்பதைப் பதிந்து வைத்திருக்கும். அதையும் கேட்டுப் பாருங்கள்.

விசில், காதுக்குள் போக வேண்டிய ஒலி வெளியே கசிந்து மறுபடி மைக்கில் நுழைவதால் வருகிறது. மோல்டின் மேல் நுனி காது மடலின் மடிப்புக்குள் முழுதாக உட்காராததுதான் அடிக்கடி காரணம். மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பொருத்துங்கள். அப்படியும் வந்தால் காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பார்க்க வேண்டும். மெஷின் போடுபவர்களுக்குக் குரும்பி அதிகம் தங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. ஹேர்பின், பட்ஸ், காய்ச்சிய எண்ணெய் எதுவும் வேண்டாம். மெஷினையும் மோல்டையும் இணைக்கும் ட்யூப் விறைத்தோ கீறியோ இருந்தால் மாற்றுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும். உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கும்போது வரும் விசில் கோளாறல்ல, மெஷின் ஓடுகிறது என்பதற்கு அடையாளம்.

நம் ஊர் வெயிலில் மெஷினுக்கு எதிரி வியர்வை. இரவு பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். வெயிலில் காய வைக்கவோ, ஹேர் ட்ரையர் காட்டவோ கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டால் மைக் துளை அடைத்துக்கொள்ளும். மோல்டை மட்டும் மெஷினிலிருந்து பிரித்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, ட்யூபில் சொட்டுத் தண்ணீர்கூட நிற்காமல் ஊதிக் காய வைத்துப் பிறகு மாட்டுங்கள்.

துத்தநாக பேட்டரியாக இருந்தால், ஸ்டிக்கரை உரித்து ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப் பட வைத்த பிறகு போடுங்கள். உரித்ததும் அது வேலை செய்யத் தொடங்கிவிடும்; மெஷினைப் போட்டாலும் போடாவிட்டாலும் நாளாக ஆகத் தீர்ந்துபோகும். பேட்டரி மிச்சமாகும் என்று மெஷினைக் கழற்றி வைப்பதில் பெரிய லாபம் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தீர்ந்த பேட்டரியையும் எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டாலோ மூக்கில் போட்டுக்கொண்டாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனை.

காது மந்தத்தால் மறதி நோய் வரும் என்று சொல்லி அவரைப் பயமுறுத்தவும் வேண்டாம். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை 3 ஆண்டுகள் கவனித்தது. மெஷின் தந்ததால் எல்லோருக்கும் நினைவாற்றல் சரிவு குறைந்துவிடவில்லை. சரிவுக்கான ஆபத்து ஏற்கெனவே அதிகம் இருந்தவர்களிடம் மட்டும் அது 48% குறைந்தது. உங்கள் மாமனாருக்கு அதைவிடப் பக்கத்தில் உள்ள காரணம், பேரப்பிள்ளை சொல்வது புரிவதுதான்.

காதில் சீழ், வலி, தலைசுற்றல் இருந்தால் மெஷினைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கேட்காமல் போனால் பேட்டரியை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே போய்விடுங்கள், ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் கேட்பு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.