பிளாட்டின் நிலச் சொந்தக்காரரை எப்படித் தேடுவது?

கேள்வி: லண்டன் ஹேரோவில் இரண்டு பிளாட்டாகப் பிரித்த பழைய வீடு ஒன்றில் மேல்மாடி எங்களுடையது. 2009இல் வாங்கினோம். 1983இல் எழுதிய 99 வருட லீஸ் (நீண்ட காலக் குத்தகை). இத்தனை வருடத்தில் கிரவுண்ட் ரென்ட் (நிலத்துக்கான வாடகை) கேட்டு ஒருவரும் வரவில்லை. இப்போது விற்கப் போனால், லீஸ் குறைவு, ஃப்ரீஹோல்டர் (நிலச் சொந்தக்காரர்) யாரென்றும் தெரியவில்லை என்று வாங்குபவரின் வங்கி கடன் தர மறுக்கிறது. லீஸில் இருந்த பெயருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. இன்சூரன்ஸ் ஒன்று எடுத்தால் போதும் என்கிறார் ஏஜென்ட். அது சரியா?

பதில்: உங்கள் விஷயத்தில் சரியில்லை. அந்தப் பாலிசிக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஃப்ரீஹோல்டரைக் காணவில்லை என்பதற்கு இங்கே இன்சூரன்ஸ் விற்கிறார்கள், உண்மைதான். நாளை அவர் வந்து தகராறு செய்தால் வரும் நட்டத்துக்கு அது உதவும். ஆனால் லீஸில் ஒரு நாளைக்கூட அது கூட்டாது. உங்கள் லீஸ் 2082இல் முடிகிறது. மீதி அறுபது வருடத்துக்கும் குறைவு. வங்கிக்குப் பெரிய கவலை அதுதான். இன்னொன்று, ஃப்ரீஹோல்டரைத் தொடர்புகொள்ள ஏற்கெனவே முயன்றவர்களுக்கு இந்தப் பாலிசியைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். கடிதம் போட்டதை மறைத்து எடுத்தால், கிளெய்ம் வரும் நாளில் கையை விரித்துவிடுவார்கள். (லீஸ் நீளமாக இருந்து, ஃப்ரீஹோல்டர் மட்டும் யாரென்று தெரியாத மற்ற வாசகர்கள், கடிதம் போடுவதற்கு முன்பே ஒரு சொலிசிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.)

ஆகவே நீங்கள் லீஸை நீட்டத்தான் வேண்டும். அதற்கு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால், ஒழுங்காகத் தேடினேன் என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். இரண்டுக்கும் செய்யும் வேலை ஒன்றுதான். அதனால் திரும்பி வந்த அந்தக் கடித உறையை எறிந்துவிடாதீர்கள். தபால் முத்திரையோடு அப்படியே வைத்திருங்கள், அது உங்கள் முதல் சாட்சி.

ஊரில் உறுதி முடித்து வீடு வாங்கினால் காணியும் சேர்ந்தே வரும். அந்தப் பழக்கத்தில், லீஸில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமலே வருடக்கணக்கில் இருந்துவிடுகிறோம். என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான். லீஸில் இருப்பது 1983இன் பெயர். அதற்குப் பிறகு நிலம் எத்தனை கைமாறியிருக்குமோ!

இன்றைய பெயர் எச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசாங்க நிலப் பதிவகத்தில் இருக்கும். அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் ஒரு பதிவின் பிரதிக்கு 7 பவுண். அதே போலத் தோன்றும் தனியார் தளங்கள் இதற்கே பல மடங்கு வாங்குகின்றன, கவனம். முதலில் உங்கள் பிளாட்டின் பதிவை எடுங்கள். அதன் ஏ பகுதியில் லீஸின் தேதியும் காலமும் இருக்கும். சிலவற்றில் நிலத்தின் பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண் கிடைத்தால் ஃப்ரீஹோல்ட் பதிவை எடுத்து, பி பகுதியில் சொந்தக்காரர் பெயரையும் முகவரியையும் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி இருந்தால் எல்லாவற்றுக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள்.

வீட்டு இலக்கத்தைப் போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். உங்கள் வீடு 24ஏ என்றால், நிலம் "24, 24ஏ" என்றோ பக்கத்து வீட்டோடு சேர்த்தோ பதிவாகியிருக்கலாம். அப்போது சிம் என்ற படிவத்தில் வரைபடத் தேடலுக்கு விண்ணப்பியுங்கள். அந்தத் துண்டு நிலத்தின் மேல் உள்ள எல்லாப் பதிவுகளும் அதில் வந்துவிடும். நடுவில் ஒரு ஹெட் லீஸ் (ஃப்ரீஹோல்டருக்கும் உங்களுக்கும் இடையில் இன்னொருவர் வைத்திருக்கும் லீஸ்) இருந்தாலும் அப்போதுதான் தெரியும். நிலம் பதிவே ஆகவில்லை என்றும் பதில் வரலாம். பல காலமாக விற்காமல் ஒரே குடும்பத்தில் இருந்த நிலங்களில் இது உண்டு.

பெயர் ஒரு கம்பனியாக இருந்தால் கம்பனீஸ் ஹவுஸ் என்ற அரசாங்கக் கம்பனிப் பதிவகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே "கலைக்கப்பட்டது" என்று இருந்தால் கதை மாறுகிறது. கம்பனி தனக்காக வைத்திருந்த சொத்து, கலைந்த அன்றே அரச முடிக்கு (கிரவுன்) போய்விடும். அதாவது உங்கள் ஃப்ரீஹோல்டர் காணாமல் போகவில்லை, இப்போது மன்னர்தான் ஃப்ரீஹோல்டர். லண்டனில் இதைக் கவனிப்பது அரசாங்கச் சட்டத் துறையின் போனா வேகன்ஷியா (உரிமையாளர் இல்லாத சொத்து) பிரிவு. சந்தை விலை கொடுத்தால் ஃப்ரீஹோல்டையே உங்களுக்கு விற்க அவர்கள் தயாராக இருப்பார்கள். கீழ் பிளாட்காரரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. கலைத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் ஆகவில்லை என்றால், பழைய இயக்குநர்கள் கம்பனியை மறுபடி உயிர்ப்பிக்க விண்ணப்பிக்க முடியும்.

தனி ஆள் என்றால், இறந்துவிட்டாரா என்று புரோபேட் (உயிலை நீதிமன்றம் உறுதிப்படுத்தும்) பதிவுகளில் தேடுங்கள். 1858 முதல் உள்ளவை அங்கே இருக்கின்றன. உயில் நிறைவேற்றியவரின் பெயர் கிடைத்தால் போதும், அவரைப் பிடிக்கலாம்.

இதெல்லாம் செய்தும் ஆள் கிடைக்கவில்லையா? 1993ஆம் வருட லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தின் 50ஆம் பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. கவுண்டி கோர்ட்டில் விண்ணப்பித்து, எங்கெங்கே எப்போது தேடினீர்கள் என்று சத்தியக் கூற்றில் எழுத வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும்படி நீதிபதி சொல்லலாம். ஆள் தேடும் ஏஜென்சி ஒன்றின் அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள், நல்ல பலம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் விலையைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். அந்தப் பணத்தை நீதிமன்றத்தில் கட்டினால், ஃப்ரீஹோல்டர் சார்பில் நீதிமன்றமே ஆள் நியமித்துப் புது லீஸில் கையெழுத்துப் போட வைக்கும். மீதி இருக்கும் காலத்தோடு 90 வருடம் கூடும், கிரவுண்ட் ரென்ட் இல்லாமல் போகும். நடுவில் ஃப்ரீஹோல்டர் வந்து நின்றால் பயப்படாதீர்கள், நீங்கள் அவருக்கு முறையாக நோட்டீஸ் கொடுத்ததாக வைத்து விஷயம் தொடரும். மாதக்கணக்கில் ஆகும், மதிப்பீட்டாளர் கட்டணமும் உண்டு. 80 வருடத்துக்குக் கீழே இறங்கிய லீஸ் என்பதால் விலையும் கொஞ்சம் கனமாகவே வரும். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

கட்டாத கிரவுண்ட் ரென்ட் பற்றிக் கவலை வேண்டாம். உரிய படிவத்தில் கேட்டு நோட்டீஸ் தராதவரை அது கட்ட வேண்டிய பணமே ஆகாது என்கிறது 2002ஆம் வருட லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம். ஆனாலும் அந்தச் சிறு தொகையை ஒரு கணக்கில் தனியாகப் போட்டு வையுங்கள். மற்ற வாசகர்களுக்கு ஒன்று: வாடகை வாங்கும் ஏஜென்ட் யாராவது இருந்தால், ஃப்ரீஹோல்டரின் பெயரையும் முகவரியையும் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் தராவிட்டால், தகுந்த காரணம் இல்லாதபோது அது குற்றம்.

இப்போதைய விற்பனையை என்ன செய்வது? வங்கிக் கடனில் வாங்குகிறவர் காத்திருக்க மாட்டார், அவரை விட்டுவிடுங்கள். காசாக வாங்க யாராவது வந்தால் வழி உண்டு. முன்பெல்லாம் வாங்கியவர் இரண்டு வருடம் சொந்தமாக வைத்திருந்த பிறகே லீஸை நீட்டக் கேட்க முடிந்தது. 2025 ஜனவரி 31 முதல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் தேடல் கோப்பை அவரிடம் கொடுத்தால், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கான செலவை அவர் விலையில் கழிப்பார். எவ்வளவு கழிக்கலாம் என்று மதிப்பீட்டாளரிடம் கேட்டு அறிந்த பிறகே தலையாட்டுங்கள்.